மேலிருந்து எண்ணிய தந்திகள்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "வேங்கிக்கால் புது வீட்டுக்குச் சாமான் ஏத்தும்போது அந்த கிட்டாரையும் தூக்கிக்கிட்டு அலையாதம்மா. தெருவுல எந்தப் பையனாவது கேட்டா குடுத்துடு. எனக்கு அது வராதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சில்ல" என்றாய். பழைய மிக்ஸியைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் உடனே, கல்யாண மண்டபத்துக்காரர் போன் பண்ணினாரா என்று பேச்சை மாற்றிவிட்டேன். அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இது.

உனக்கு மட்டும் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டு தடவையும் எனக்கு வசதியான இடத்தில் கடிதம் நின்றுபோனது. அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். தெருக் கணக்கெல்லாம் எழுதுகிறவள் என்பதால் 'அந்தம்மா எழுதி வச்சா தப்பாது' என்று நம் தெருவில் எனக்கு ஒரு பெயர் இருப்பது உனக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவள், அதற்கு மேல் தெரிந்ததெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது என்பதால் அந்தப் பெயர் மேல் எனக்கு ஆசை ஜாஸ்தி. என் சரி நாலு பேருக்குத் தெரிந்தது போல என் தப்பும் தெரியட்டும். உன் பேரையோ என் பேரையோ போடவில்லை, தெரிந்தவர்களுக்கு அது இல்லாமலே தெரியும்.

முதலில் இருந்து சொல்கிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது எதிர்வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரர் குடி வந்தார். ஊரில் வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவர் காலையில் தியானம், சாயந்திரம் கிட்டார் என்று இருந்தார். சாயந்திரமானால் நீ நம் வீட்டு ஜன்னலில் ஒட்டிக்கொள்வாய். ஒரு நாள் அவரே கையைக் காட்டிக் கூப்பிட்டார். தெரியாத ஆள் வீட்டுக்குத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் வந்தேன், கையில் கணக்கு நோட்டோடு. சும்மா உட்கார எனக்குத் தெரியாது. அவர் உன்னிடம் ஆங்கிலத்தில் சொல்வார், நீ தமிழில் திருப்பிச் சொல்வாய், நான் எழுதிக்கொள்வேன். வரவு செலவுக்குக் கோடு போட்டிருந்த பக்கத்தில் இன்னும் சில கோடுகள் இழுத்து, எந்த விரல், எத்தனையாவது தந்தி, எத்தனையாவது கட்டம் என்று எண்களாக எழுதினேன். நீ ஃப்ரெட் என்று சொன்னதை நான் கட்டம் என்று எழுதினேன். 'ஒண்ணாவது தந்தி, மூணாவது கட்டம்' என்று நீ சொன்னால் 1, 3. அவ்வளவுதான். எந்தத் தந்தி ஒன்று, எது ஆறு என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் வரவில்லை. மறுநாள் நோட்டைப் பார்த்து நீ வாசிப்பாய், அவர் தலையை ஆட்டிக்கொண்டே சிரிப்பார். என் நோட்டைத் தொட்டுக் கும்பிடுவது போல ஒருநாள் ஜாடை காட்டினார். எனக்கு அது கோயிலில் மாலை மரியாதை செய்தது போல இருந்தது.

அவர் கற்றுக்கொடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டை விரல் வேலை. மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் பாட்டை வாசிக்கும்போது, கட்டை விரல் மட்டும் கனத்த தந்திகளில் தன் போக்கில் நடந்துகொண்டே இருக்க வேண்டும், பாட்டு எங்கே போனாலும் அது நிற்கக்கூடாது என்றார். அதற்கு அவர் சொன்ன பயிற்சி, கட்டை விரலை ஓடவிட்டுக்கொண்டே யாருடனாவது பேசுவது. அவர் கிட்டாரை இரவல் வாங்கி வந்து சமையலறை வாசலில் உட்கார்ந்து நீ வாசிப்பாய். நான் உள்ளே இருந்து வேண்டுமென்றே எதையாவது கேட்பேன்.

"தக்காளி எவ்ளோ வாங்கணும்?"

"அரை... அரை கிலோ."

"நேத்து டியூஷன் ஏன் லேட்டு?"

"அம்மா, வேணும்னே கேக்கற நீ!"

"கட்டை விரல் நின்னுபோச்சு பாரு. மறுபடி ஆரம்பி."

ஒன்றரை வருஷம் கழித்து அவர் ஊருக்குப் போனபோது அந்த கிட்டாரை உன் மடியில் வைத்துவிட்டுப் போனார். நீ இப்போது யாருக்காவது கொடுத்துவிடச் சொல்வது அதைத்தான்.

அடுத்து மோகன் சார். பௌர்ணமிதோறும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், நம் தெருப் பெண்கள் சேர்ந்து மோர் கொடுப்போம் இல்லையா. நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் ஒரு சாயந்திரம் நீ குவளையை நீட்டிக்கொண்டிருந்தாய். வாங்கிக் குடித்துவிட்டு ஒருவர் நகர்ந்ததும் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "அம்மா, அவர் கையைப் பாத்தியா? வலது கை நகம் மட்டும் நீளமா வளத்திருக்கார். இடது கை விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கு. கிட்டார்காரர்ம்மா!" என்றாய். நான் சும்மா இரு என்பதற்குள் ஓடிப்போய் அவரைக் கேட்டே விட்டாய். அவர் சிரித்துவிட்டார். சென்னையில் சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கிறவர். மாதாமாதம் மனைவியோடு கிரிவலம் வந்து, வேங்கிக்காலில் மச்சினி வீட்டில் படுத்து, மறுநாள் காலை பஸ் பிடிப்பவர். "நகத்தை வச்சே கண்டுபிடிச்சியா? காலைல ஏழு மணிக்கு வா. அரை மணி நேரம்தான். பஸ்ஸு இருக்கு" என்றார்.

மறுநாள் நாம் போன காலை எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. நீ டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய். அவர் அதை ஓரமாக வைக்கச் சொன்னார். "மெஷின்ல ஏத்துனா மெஷினுக்குத்தான் தெரியும். ஒரு பிட்டு காட்டறேன். மூணே தடவை. கண்ண மூடிக்கோ தம்பி. கண்ணு தொறந்திருந்தா காது வேலை செய்யாது" என்றார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் மூடவில்லை. நேரெதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பாட்டுக்கு நடுவில் வரும் ஒரு சின்னத் துண்டு அது, பத்து விநாடி கூட இருக்காது. ஒரு சுரத்தைத் தொட்டு, தந்தியை அப்படியே நெட்டித் தள்ளி அதை ஏற்றி, இறக்கி, அடுத்த தந்தியில் சறுக்கிக்கொண்டு வந்து முடித்தார். மெதுவாக மூன்று தடவை வாசித்தார். நான் கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

"என்னங்கம்மா, பால் கணக்கா?" என்றார்.

"இல்லீங்க, நீங்க வாசிக்கறதைத்தான் எழுதறேன். எனக்குப் பழக்கங்க."

"எழுதுங்க, எழுதுங்க. ஆனா பையன் காதுல கேக்கட்டும்" என்றவர் உன்னிடம், "அடுத்த பௌர்ணமிக்கு இதை வாசிச்சுக் காட்டு. சரியா வந்துச்சுன்னா பெரிய லீவுல மெட்ராஸ் வா. நான் ரெக்கார்டிங் போறப்ப பக்கத்துல உக்காந்து பாரு. அதுல கத்துக்கறது வேற எதுலயும் வராது" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் வாய்க்குள் அந்தத் துண்டையே முனகிக்கொண்டு வந்தாய்.

இனிமேல் சொல்வதைத்தான் முன்பு எழுதிப் பார்த்த இரண்டு தடவையும் விட்டுவிட்டேன். மோகன் சார் எண் எதுவும் சொல்லவில்லை. நானாகப் பார்த்து எழுதினேன். எதையும் மேலிருந்து கீழே எண்ணித்தான் எனக்குப் பழக்கம். அவர் மடியில் கிட்டார் இருந்தபோது மேலே தெரிந்த தந்தியை ஒன்று என்று எழுதினேன், கீழே தெரிந்ததை ஆறு என்று எழுதினேன். நீ வெள்ளைக்காரரிடம் கற்றபடி, கீழே இருக்கும் மெல்லிசுத் தந்திதான் ஒன்று என்று படித்தாய். ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து, ஒரே மாதிரிக் கோடுகள். சந்தேகப்பட உனக்குக் காரணமே இல்லை. அந்தத் துண்டு நடுவில் இருக்கும் தந்திகளிலேயே புரள்கிற துண்டு. ஓரத் தந்திகளில் இருந்திருந்தால் கனத்த சத்தத்துக்குக் கீச்சுச் சத்தம் வந்து முதல் நாளே குட்டு வெளியாகியிருக்கும். நடுவில் என்பதால் தலைகீழாக வாசித்தும் ஏதோ ஒன்று வந்தது.

ஏதோ ஒன்றுதான் வந்தது, அது இல்லை என்பது உனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

"அம்மா, அவர் வாசிச்சது இப்படி இல்லம்மா. அது அழுவுற மாதிரி போயி சிரிக்கிற மாதிரி முடிஞ்சுது. இது டப்பா உருள்ற மாதிரி இருக்கு."

"அவரு இருபது வருஷமா வாசிக்கறவரு. உனக்கு மூணு நாள்ல வந்துடுமா? எழுதியிருக்கறபடி வாசி, வரும்."

"எழுதினதுல தப்பு ஏதாவது..."

"நான் எழுதி என்னிக்குடா தப்பாயிருக்கு?"

நீ மறுபடி நோட்டைப் பார்த்து வாசித்தாய். இதுகூடப் பரவாயில்லை. பௌர்ணமிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, ஒரு சாயந்திரம் நான் உள்ளே கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தேன். நீ வாசலில் உட்கார்ந்து நோட்டை மூடி வைத்துவிட்டு எதையோ தேடித் தேடி வாசித்தாய். சட்டென்று வேறு ஒன்று வந்தது. கிளறிய கை எனக்கு நின்றுபோனது. நான் சங்கீதம் தெரிந்தவள் இல்லை, ஆனாலும் நின்றுபோனது. அது என்ன என்று யோசிக்காமல் எட்டிப் பார்த்தேன். உன் விரல் வேறு தந்திகளில் இருந்தது. "நோட்டுல அப்படியா இருக்கு? இஷ்டத்துக்கு மாத்தாத. பௌர்ணமி வந்துடுச்சு, ஒழுங்கா பாத்து வாசி" என்றேன். நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி டப்பாவை உருட்ட ஆரம்பித்தாய். பௌர்ணமி வரைக்கும் அதையே, ஒரு எண் பிசகாமல் வாசித்தாய்.

வேங்கிக்காலில் மோகன் சார் முன்னால் நீ வாசித்து முடித்ததும் அவர் உன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது யார் குடுத்த பிட்டு தம்பி?"

"நீங்கதான் சார், போன மாசம்."

"நானா? இதையா?"

அவர் குரலில் கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் நானாவது ஏதாவது எதிர்த்துப் பேசி, நோட்டைக் காட்டி, விஷயம் அங்கேயே உடைந்திருக்கும். அவர் உன் தோளைத் தட்டி, "பரவால்ல. எல்லாருக்கும் காது ஒண்ணுபோல அமையறதில்ல. நல்லா படி, என்ன" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டு எழுந்தார். மெட்ராஸ் பேச்சு எடுக்கவில்லை. நோட்டு என் மடியில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவினாய், இட்லி சாப்பிட்டாய். பிறகு என்னிடம் நகவெட்டி கேட்டாய். ஆறு மாதமாக வளர்த்த வலது கை நகங்களை வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டுவிட்டு, கிட்டாரைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினாய். "கை வரலன்னா விட்டுடுறா, பிளஸ் டூ வருது" என்றார் அப்பா. நானும் அதையே நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

நீ காலேஜுக்குச் சென்னை போன இரண்டாம் வருஷம், கோடை வெயிலில் பரணிலிருந்து டங்கென்று ஒரு சத்தம். இறக்கிப் பார்த்தால் மெல்லிசுத் தந்தி அறுந்து சுருண்டிருந்தது. நீ லீவுக்கு வரும்போது முழுசாக இருக்கட்டும் என்று அறுந்ததை ஒரு கவரில் போட்டுக்கொண்டு, தேரடித் தெரு பக்கம் மேளமும் ஆர்மோனியமும் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"ஒண்ணாம் நம்பர் குடுடா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஒண்ணு இல்லீங்க, ஆறாம் நம்பர். கீழ இருக்கறது."

"கீழ இருக்கறதுதாம்மா ஒண்ணு. சன்னமா இருக்குதே, இதான் ஒண்ணு. மேல தடியா இருக்கறது ஆறு."

"மேலேர்ந்துதானே எண்ணணும்?"

"இன்னாம்மா நீ! மாடிப்படியா, மேலேர்ந்து எண்ணறதுக்கு? உலகம் பூரா இதான் கணக்கு" என்று சிரித்தார்.

கோயிலுக்குப் போக நினைத்திருந்தவள் போகவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். வெள்ளைக்காரர் பக்கங்களைப் பார்த்தேன், மோகன் சார் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டை ஐந்தாக்கி, மூன்றை நாலாக்கி ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் அமுக்கி ஒரு விரலால் மீட்டி, ஒவ்வொரு சுரமாகத் தடவித் தடவிப் போனேன். விரல் நுனி எரிந்தது. தந்திகள் சுருதி இறங்கியிருந்தன, எனக்கு நெட்டித் தள்ளவெல்லாம் வரவில்லை. ஆனாலும் மூன்றாவது தடவை போனபோது அது எதுவென்று தெரிந்துவிட்டது. நான் மாவு கிளறிய சாயந்திரம், நோட்டை மூடி வைத்துவிட்டு நீ வாசித்தாயே, அது. நீயாகக் காதால் தேடிக் கண்டுபிடித்திருந்தாய். நான் எட்டிப் பார்த்து, தப்பு என்று சொன்னேன்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்கலாம். எஸ்.டி.டி. பூத் தெருமுனையில்தான் இருந்தது. பரீட்சை நேரம், வேண்டாம் என்றேன். பிறகு வேலை தேடுகிறான், வேண்டாம் என்றேன். பிறகு, அவனே மறந்துவிட்டான், ஏன் கிளற வேண்டும் என்றேன். உண்மை ஒன்றுதான். 'நான் எழுதி என்னிக்குடா தப்பாயிருக்கு' என்று உன்னிடம் சொன்ன வாயால் தப்பாயிருக்கு என்று சொல்ல எனக்கு வரவில்லை. சாமியிடம் சொன்னேன். எத்தனையோ பௌர்ணமி, அண்ணாமலையாரைச் சுற்றி வரும்போது அடி அண்ணாமலை தாண்டியதும் சொல்வேன். சாமியிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. அவர் உன்னைப் போல என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மோகன் சாரிடமாவது சொல்லலாம் என்று அதற்கப்புறம் ஒரு வருஷம் மோர்ப் பந்தலில் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீளமான நகம் வைத்த கை எதுவும் வரவில்லை. அவர் மச்சினி குடும்பம் கீழ்பென்னாத்தூர் பக்கம் மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் நான் தேடவில்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நீ 'எனக்கு வராது' என்று சொல்கிறாய். இவ்வளவு வருஷமும் அது உனக்கு வெறும் கிட்டார் விஷயமாக மட்டும் இருந்திருந்தால் நான் வாயைத் திறக்காமலே போயிருப்பேனோ என்னவோ. ஆனால் நீ எதிலும் உன் காதில் விழுந்ததை நம்பாமல், எழுதி வைத்தவனிடம் போய்க் கேட்கிற ஆளாகிவிட்டாய். முதல் கம்பெனியில் அந்த மேனேஜர் சொல்வது சரியில்லை என்று எனக்குப் போனில் சொன்னாய், மறுநாளே "அவர் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றாய். அந்தப் பழக்கத்தை உனக்கு யார் பழக்கினது என்று எனக்குத் தெரியும்.

நிச்சயதார்த்தத்தன்று உனக்கு வரப்போகிறவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "அத்தை, அவர் ஏதாவது வாத்தியம் கத்துக்கிட்டாரா? பாட்டு ஓடுனா இடது கை விரல் நாலும் மேஜை மேல தானா ஆடுது. கேட்டா சட்டுனு கையை மடியில வச்சுக்கறார்" என்றாள். நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பாயசம் எடுக்க உள்ளே போய்விட்டேன். எட்டு மாதப் பழக்கத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்கு அம்மாவாக உனக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அவள் ஏதாவது ஒன்றைக் காதால் கேட்டுவிட்டு 'இது சரியா இல்லையே' என்று சொன்னால், கையில் இருக்கும் தாளை நீட்டாதே. தாள் சரியாகவே இருந்தாலும் முதலில் அவள் காதில் என்ன விழுந்தது என்று கேள். நான் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

கிட்டாரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆறு தந்தியும் புதிதாகப் போட்டாயிற்று, அந்தப் பெரியவரின் மகன்தான் இப்போது கடையில் இருக்கிறான், அவனே சுருதி சேர்த்தும் கொடுத்தான். மற்ற சாமானுக்கு முன்னால் அதைத்தான் கொண்டுபோய்ப் புது வீட்டில் உன் அறையில் சாய்த்து வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் நீயே உன் கையால் கொடு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் 'எனக்கு வராது' என்று சொல்லிக் கொடுக்காதே. அது பொய்க் கணக்கு, எழுதியவள் நான்.

கணக்கில் தப்பு வந்தால் அழிக்கக்கூடாது, ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அப்பா ஆபீஸ் வழக்கம் சொல்வார். மோகன் சார் பக்கத்தில் அப்படியே செய்து, அந்தத் தாளை நோட்டிலிருந்து பிரித்து, கிட்டாருக்கு வாங்கிய புதுப் பைக்குள் வைத்திருக்கிறேன். வந்ததும் அதை எடுக்காதே. முதலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உனக்கு நினைவிருப்பதை வாசி. அப்புறம் தாளைப் பிரித்துப் பார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

அம்மா